சுரங்கத்தில் விண்கதிர் தேடிய ஹோமி பாபா

கோலார் தங்கவயல் என்றவுடன் பொன்னே நம் நினைவுக்கு வரும். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் பலர் அங்கே சுரங்கம் தோண்டி உழைத்தனர். அச்சுரங்கங்களில் அறிவியல் உண்மைகளையும் தேடலாம் என்று கண்டவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். மகன் பொறியியல் கற்று, எஃகு ஆலையில் பணியாற்ற வேண்டும் என்று தந்தை விரும்பினார். 1927இல் கேம்பிரிட்ஜ் சென்ற மகனின் உள்ளமோ இயற்பியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் படிக்கலாம் எனத் தந்தை இசைந்தார். பாபா அவ்வாறே தேறிக் காட்டினார்.

விண்வெளியிலிருந்து பேராற்றல் கொண்ட துகள்கள் இடைவிடாது புவியை வந்தடைகின்றன. இவை விண்கதிர்கள் எனப்படும். ஆற்றல் மிக்க ஓர் எலக்ட்ரான், காற்றிலுள்ள அணுக்கருவின் அருகே செல்லும்போது காமாக் கதிரை வெளியிடும். அக்கதிர் ஓர் எலக்ட்ரானையும் ஒரு பாசிட்ரானையும் தோற்றுவிக்கும். அவையும் அவ்வாறே பெருகும். ஒரு துகள் இவ்வாறு மழையாகப் பொழிவதை 1937இல் பாபாவும் ஹைட்லரும் கணக்கிட்டு விளக்கினர்.

1939இல் பாபா விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்தபோது உலகப்போர் மூண்டது. கேம்பிரிட்ஜ் திரும்ப இயலாமல், பெங்களூரில் சர் சி. வி. இராமனின் துறையில் பணியேற்றார். 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

எலக்ட்ரான்கள் பாறையில் விரைவில் ஆற்றல் இழந்துவிடும். விண்கதிர்களால் உண்டாகும் மியூவான்களோ ஆழ ஊடுருவும். அவற்றை அளந்தறிய, 1951இல் தம் மாணவர் ஸ்ரீகாந்தனைப் பாபா தங்கவயலுக்கு அனுப்பினார். ஆழம் மிகுந்தோறும் மியூவான்கள் குறைந்தன. பின்னாளில், மிக ஆழத்தில் இரண்டு திங்கள் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அது தோல்வியன்று. பாறையையும் எளிதில் கடக்கும் நியூட்ரினோவைத் தேட, இடையூறற்ற அவ்வாழமே ஏற்றது என்பது புலனாயிற்று. 1965இல் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றிய நியூட்ரினோவின் தடயத்தை இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்கள் இணைந்து கண்டனர்.

அடுத்த ஆண்டு சனவரி 24ஆம் நாள், ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் பாபா மறைந்தார். 2001இல் தங்கச் சுரங்கங்களும் மூடப்பட்டன. ஆயினும், பிழைப்பு நாடி வந்தோர் தோண்டிய ஆழமே அறிஞர்க்கு ஆய்வுக்கூடமாயிற்று. அவ்வரலாற்றில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு.

அருஞ்சொற்பொருள்
இசைந்தார் – உடன்பட்டார்
திங்கள் – மாதம்
புலனாயிற்று – விளங்கிற்று

வினாக்கள்
1. பாபாவின் தந்தை விரும்பியது யாது?
2. மியூவான் பதிவாகாமை ஏன் தோல்வியன்று?
3. உம் குடும்பத்தார் எவ்வூரிலிருந்து, எப்பணிக்காகக் குடிபெயர்ந்தனர்? வீட்டாரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.