கிருஷ்ண மேனன்: தோல்வியின் பழியும் ஆவடியின் டாங்கியும்

இந்தியாவின் முன்னாள் தற்காப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் கேரளத்தின் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின் லண்டன் சென்று, அங்கே இந்திய விடுதலைக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். சுதந்திரத்துக்குப் பின் பிரிட்டனுக்கான இந்தியத் தூதராகவும் பணியாற்றினார்.

1957-இல் அவர் தற்காப்பு அமைச்சரானார். காஷ்மீர் தகராறில் எதிர்நின்ற பாகிஸ்தான் அப்போது வேகமாக வலுப்பெற்று வந்தது. 1954-இல் செய்துகொண்ட உடன்பாட்டையடுத்து, அமெரிக்கா அந்நாட்டுக்குப் பேட்டன் டாங்கிகளையும் சேபர் போர் விமானங்களையும் வழங்கியது.

ஆயுதத்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நாடு அவர்கள் சொல்லுக்கும் கட்டுப்பட நேரும் என்று மேனன் கருதினார். அவர் காலத்தில்தான் சென்னையை அடுத்த ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக்கு வித்திடப்பட்டது. சோவியத் யூனியனின் மிக்-21 விமானங்களை வாங்குவதோடு, அவற்றை இந்தியாவிலேயே தயாரிக்கவும் வழி செய்யப்பட்டது.

ஆனால், பாகிஸ்தான் மீதே கவனம் வைத்தவர் சீன எல்லையின் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டார். 1962 அக்டோபரில் சீனப் படைகள் தாக்கியபோது, இந்திய வீரர்கள் பழைய 303 துப்பாக்கிகளுடன் இமயமலையில் நின்றனர். குளிருக்கேற்ற உடையும் காலணியும்கூடப் போதவில்லை. புதிய தொழிற்சாலைகள் பலன் தருமுன் போர் வந்துவிட்டது. நவம்பரில் மேனன் பதவி விலகினார்.

ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கிகள் 1971 போரில் களமிறங்கியபோது அவர் பதவியில் இல்லை. 1974-இல் காலமான மேனனின் பெயரோடு தோல்வியின் பழியே இன்றும் ஒட்டியிருக்கிறது. ஆவடியிலோ டாங்கித் தயாரிப்பு தொடர்கிறது.