கடலறிந்த ரேச்சல் கார்சன்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகெனி ஆற்றங்கரையில் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ரேச்சல் கார்சன் பிறந்தார். கடல் அவ்வூருக்கு வெகு தொலைவு. ஆயினும் நூல்களில் படித்த கடல் அச்சிறுமியின் நெஞ்சில் ஓயாது அலையடித்தது. பதினோராம் வயதிலேயே அவர் எழுதிய கதை சிறுவர் இதழொன்றில் வெளிவந்தது.

எழுத்தாளராகும் விருப்பத்தோடு கல்லூரியில் ஆங்கிலம் பயிலச் சென்றவரை, ஆசிரியை மேரி ஸ்கிங்கர் நடத்திய உயிரியல் வகுப்புகள் வேறு வழியில் திருப்பின. 1929ஆம் ஆண்டுக் கோடையில் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குச் சென்றபோதுதான் அவர் முதன்முதலாகக் கடலைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 22. 1932இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். மேலும் பயில வறுமை இடங்கொடுக்கவில்லை. 1935இல் தந்தை மறையவே, குடும்பச் சுமை அவர் தோள்மீது விழுந்தது. அரசின் மீன்வளத் துறையில் பணியில் அமர்ந்து, கடல்வாழ் உயிர்களைப் பற்றி எழுதலானார். 1951இல் வெளிவந்த கடல் பற்றிய நூல் பெரும்புகழ் தேடித் தந்தது. மறு ஆண்டே பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

அக்காலத்தில் டி.டி.டி. முதலிய பூச்சிக்கொல்லிகளை உலகமே வியந்து போற்றியது. நம் நாட்டிலும் மலேரியாவை ஒழிக்க 1953 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் அதன் நெடியை இன்றும் நினைவுகூரக்கூடும். கார்சனுக்கோ ஓர் ஐயம் எழுந்தது. பூச்சியைக் கொன்றபின் அந்நஞ்சு எங்கே போகிறது? நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வறிக்கைகளைத் தேடித் திரட்டினார்.

அவற்றுள் ஒன்று புளோரிடா மாநிலக் கடற்கரையைப் பற்றியது. 1955ஆம் ஆண்டு இந்தியன் ரிவர் மாவட்டத்தில், மணல் ஈக்களின் புழுக்களை அழிப்பதற்காக, ஏறத்தாழ 2,000 ஏக்கர் உவர்ச் சதுப்பு நிலத்தில் டயெல்டிரின் என்னும் மருந்தை இட்டனர். விளைவு கொடியதாயிற்று. ஏறக்குறைய முப்பது வகைகளைச் சேர்ந்த பதினொன்றே முக்கால் இலட்சம் மீன்கள் மாண்டன. சாகும் நிலையிலிருந்த மீன்களை நண்டுகள் பற்றித் தின்றன. மறுநாள் அவையும் மடிந்தன. நத்தைகள் மட்டும் தீங்கின்றிப் பிழைத்து, பிணங்களை உண்டன. இரண்டே வாரத்தில் செத்த மீன்களின் சுவடே அங்கில்லை. அதன்பின் வந்து பார்ப்பவர் எவரும் அந்நீரைத் தூயதென்றே எண்ணியிருப்பர்! ஆகவே நீரின் தோற்றத்தைக் கொண்டு தீங்கை மதிப்பிட இயலாது.

நீரில் கலந்த அளவு சிறிது என்பதாலும் அச்சம் தீர்ந்துவிடாது. கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் 1949இல், டி.டி.டி.க்கு நெருங்கிய உறவுடைய ஒரு மருந்தை ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு என்ற அளவில்தான் கலந்தனர். 1954இலும் 1957இலும் சற்றே கூட்டிக் கலந்தனர். அந்நஞ்சு நுண்ணுயிர்களில் சேர்ந்து, அவற்றை உண்ட மீன்களில் மிகுந்து, மீன்களை உண்ட பறவைகளின் கொழுப்பில் பத்து இலட்சத்துக்கு 1,600 பங்காகப் பெருகியிருந்தது. பறவைகள் கூட்டமாக மடிந்தன.

இவற்றையெல்லாம் தொகுத்து, ‘மௌன வசந்தம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1962இல் நூலாக்கினார். வேதிப்பொருள் நிறுவனத்தார் சினந்தெழுந்தனர். அறிவியல் அறியாதவர் என்றும், உணர்ச்சிவயப்பட்ட பெண் என்றும் அவரை இகழ்ந்தனர். அவர் எல்லா மருந்துகளையும் ஒழிக்கச் சொன்னவர் அல்லர். விளைவை ஆராயாமல் கண்மூடித்தனமாகத் தெளிப்பதையே எதிர்த்தார். இவ்வேறுபாட்டை எதிரிகள் வேண்டுமென்றே மறைத்தனர் என்றே தோன்றுகிறது.

அந்நாளில் அவர் மார்பகப் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். தம் நோயைக் காட்டி நூலின் நடுநிலையை ஐயுறுவார்களோ என்றஞ்சி, அதனைப் பிறர் அறியாமல் மறைத்தார். சிகிச்சையால் முடி உதிர்ந்ததால் பொய்முடி அணிந்தே பொதுமேடைகளில் தோன்றினார். 1963 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அது பெரும்பாலும் கார்சனின் கருத்துகளையே உறுதிசெய்தது. அடுத்த மாதமே நாடாளுமன்ற மேலவைக் குழுவின்முன் அமர்ந்து, கேட்ட வினாக்களுக்கெல்லாம் அமைதியாக விடையளித்தார்.

1964 ஏப்ரல் 14ஆம் நாள், தம் 56ஆம் வயதில் அவர் மறைந்தார். அவரது சாம்பலின் ஒரு பகுதியை, அவர் கோடைதோறும் நண்டும் சிப்பியும் தேடி உலாவிய மெய்ன் மாநிலக் கடலோரத்தில் தூவினர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1972இல், அமெரிக்க வேளாண்மையில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது.