மலைவழி கண்ட மிதிவண்டியாளர்

பிரெஞ்சு நாட்டின் நடுப்பகுதிக்குத் தென்கிழக்கே சேந்த் எத்தியென் என்னும் நகரம் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகரம் நிலக்கரிச் சுரங்கங்களாலும், பட்டு நாடா நெசவாலும், துப்பாக்கித் தொழிலாலும் பெயர் பெற்று விளங்கிற்று. கரிப்புகை படிந்த அவ்வூரின் தென்புறத்தே பிலா என்னும் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்க, மலையைக் கடக்கும் கணவாயோ 1161 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊசியிலை மரங்கள் செறிந்த அக்கணவாய்க்குப் பெருங்காடு என்று பொருள்படும் பெயரொன்று உண்டு. அதனைக் கடந்து இறங்கினால் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கும், திராட்சைத் தோட்டங்களும், அப்பால் ஒலிவ மரங்கள் நிறைந்த புரொவான்சு நாடும் காணலாம். இம்மலைச்சாலையே ஒருவருடைய வாழ்நாட் பள்ளிக்கூடமாக அமைந்தது. அவர் இயற்பெயர் பால் தெ விவி. ஆயினும், வெலோசியோ என்னும் புனைபெயரே நிலைத்துவிட்டது.

வெலோசியோ 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் புரொவான்சைச் சேர்ந்த பெர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தபின் பட்டு வணிகத்தில் ஈடுபட்டார். இருபத்தெட்டாம் வயதில்தான் அவர் கைக்கு முதன்முதலாக ஒரு மிதிவண்டி வந்தது. அக்காலத்து வண்டியை இக்காலத்து மாணவர் கண்டால் நகைப்பர். முன்சக்கரம் ஓர் ஆளின் மார்பளவு உயர்ந்திருக்கும். பின்சக்கரமோ சிறு தட்டுப்போல் இருக்கும். மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். வழியில் ஒரு கல் தடுக்கினாலும் ஏறியிருப்பவர் தலைகுப்புற வீழ்வார். அத்தகைய வண்டியிலேறி அவர் தொலைவிலுள்ள ஊர்களுக்கெல்லாம் சென்று வந்தார்.

1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்றி நகரில் ஸ்டார்லி என்பவர், இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய், சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் வண்டியை உருவாக்கினார். 1888இல் டன்லப் காற்றடைத்த இரப்பர்ப் பட்டையைக் கண்டார். இவ்விரண்டும் சேர்ந்தபின்னரே மிதிவண்டி பொதுமக்கள் ஊர்தியாயிற்று. இம்மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையில், 1887ஆம் ஆண்டில், வெலோசியோ தம் பட்டு வணிகத்தைக் கைவிட்டார். சேந்த் எத்தியெனில் மிதிவண்டிக் கடை ஒன்றைத் திறந்தார். மிதிவண்டியாளருக்கென ஒரு திங்களிதழும் தொடங்கினார். பட்டு வணிகமோ மதிப்பும் வருவாயும் ஒருங்கே உடையது. மிதிவண்டியோ அன்று பலராலும் பொழுதுபோக்குப் பொருளாகக் கருதப்பட்டது. முப்பத்து நான்கு வயதில் ஒருவர் இங்ஙனம் தொழில் மாறுதல் எளிய செயலன்று. அவர் அதனால் பெருஞ்செல்வர் ஆகவுமில்லை.

மலைப்பாங்கான அந்நாட்டில் மிதிவண்டி செலுத்துவோருக்கு ஒரு பெருந்துன்பம் இருந்தது. அதனை உணர்ந்துகொள்ளச் சிறிது கணக்கு வேண்டும். மிதிகட்டையோடு இணைந்த பற்சக்கரத்தில் 48 பற்களும், பின்சக்கரத்துப் பற்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பின், ஒருமுறை மிதித்தால் பின்சக்கரம் மூன்று முறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று கொண்டால், ஒரு மிதிக்கு வண்டி 6.6 மீட்டர் செல்லும். சமதரையில் இது நன்று. ஏற்றத்திலோ, அத்தனை தொலைவையும் ஒரே மிதியில் உந்தக் கால்களுக்கு வலிமை போதாது. பின்புறத்தில் 16க்கு மாறாக 24 பற்கள் இருப்பின் ஒரு மிதிக்கு 4.4 மீட்டரே வண்டி நகரும். ஆனால் மிதிப்பது எளிதாகும். ஒரு வண்டியில் ஒரே பற்சக்கர அமைப்புத்தான் இருந்தமையால், சமதரைக்கு ஏற்றதைக் கொண்டவர் மலையில் இறங்கித் தள்ளினர். மலைக்கு ஏற்றதைக் கொண்டவர் சமதரையில் காலை வீணே சுழற்றிக் களைத்தனர்.

இரண்டும் ஒரே வண்டியில் ஏன் அமைதல் கூடாது என்பதே வெலோசியோவின் வினா. முன்புறத்தில் பெரிதும் சிறிதுமாக இரு பற்சக்கரங்களை அமைத்து, மலையடிவாரம் வந்ததும் இறங்கிச் சங்கிலியைக் கையால் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றிப் பார்த்தார். பிறர் செய்த பொறிகளையும் வாங்கித் தம் மலைச்சாலையில் ஏற்றிச் சோதித்தார். சங்கிலியை நகர்த்திப் பல்மாற்றும் பொறியைத் தாம் ஒருவரே கண்டார் என்று சொல்லுதல் மிகையாகும். பலர் கைபட்டு வளர்ந்த பொருள் அது. எனினும், அது வேண்டும் என்று இடைவிடாது எழுதியும், ஏறிக் காட்டியும் மக்களை ஏற்கச் செய்தவருள் அவரே முதல்வர். அவரைச் சூழ்ந்து அந்நகரில் ஓர் அன்பர் குழாமும் உருவாயிற்று.

எதிர்ப்பும் வலுத்தது. எதிர்த்தாருள் தலையாயவர் ஆன்றி தெகிரான்சு. அவரும் எளியவரல்லர். 1893இல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் மிதிவண்டியோட்டிப் புகழ்பெற்றவர். செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியராயிருந்து 1903இல் பிரெஞ்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தைத் தொடங்கியவர். வெற்றி தசையால் வரவேண்டுமேயன்றிப் பொறியால் வருதல் ஆகாது. பல்மாற்றும் பொறி நாற்பத்தைந்து வயதைக் கடந்தோருக்கே உரியது என்பது அவர் கொள்கை. 1902இல் மலைப்பகுதியில் நடந்த ஒரு சோதனை ஓட்டத்தில், மூன்று நிலைப் பல்மாற்று வண்டியில் வந்த ஒரு பெண்மணி ஏற்றங்களை அருமையாகக் கடந்து காட்டியபின்னும் அவர் கொள்கை மாறவில்லை. பந்தயக்காரர் அடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பொருத்தியபின் மீண்டும் ஏறும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1903ஆம் ஆண்டுப் பந்தயம் வெலோசியோவின் பெருங்காட்டுக் கணவாய் வழியாகவே சென்றது என்பது வியப்பிற்குரியது. பந்தயத்தையே நோக்கமாகக் கொண்டால் தெகிரான்சின் கூற்றில் ஓரளவு பொருளுண்டு. ஆனால் வெலோசியோ கருதியது பந்தயக்காரரை அன்று. வாரமெல்லாம் உழைத்து, ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்புறம் காணப் புறப்படும் எளிய மனிதரையே அவர் கருதினார். அத்தகையோருக்கு மலை தடையாதல் கூடாது என்பதே அவர் வழக்கு.

ஆண்டுதோறும் உயிர்த்தெழுந்த திருநாளை ஒட்டி அவர் அன்பர்களுடன் புரொவான்சு நோக்கிப் புறப்படுவார். இருளிலேயே மலையேறிக் கணவாயைக் கடந்து, விடியற்காலையில் ரோன் பள்ளத்தாக்கில் இறங்குவர். பெருஞ்சாலையை விட்டுச் சிற்றூர்ச் சாலைகளையே நாடுவர். இருமருங்கும் மரநிழல், ஊர் நடுவே நீரூற்று, புதிதாய்ச் சுட்ட ரொட்டியின் மணம் வீசும் கடை. வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரல் என்னும் கடுங்காற்று செல்லும்போது முதுகைத் தள்ளும். மீளும்போதோ மார்பில் அறையும். அறுபது வயதைக் கடந்தபின்னும் அவர் இரவும் பகலும் தொடர்ந்து மிதிக்க வல்லவராயிருந்தார். சென்ற வழி, ஏறிய உயரம், உண்ட உணவு, பட்ட களைப்பு அனைத்தையும் ஒளியாது தம் இதழில் எழுதினார்.

நெடுந்தொலைவு செல்வோருக்கென அவர் வகுத்த விதிகள் ஏழு. அடிக்கடி நில்லாதிருத்தல், பசிக்குமுன் சிறிதளவு உண்ணுதல், விடாய்க்குமுன் நீரருந்துதல், குளிருமுன் போர்த்துக் கொள்ளுதல், தொடக்கத்தில் வலிமையை விரைந்து செலவிடாமை, வழியில் புலாலும் மதுவும் புகையும் விலக்குதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இறுதி விதியே எனக்கு மிகவும் உவப்பானது: பிறர் புகழ்வதற்காக ஒருபோதும் வண்டி மிதித்தலாகாது. புலால் விலக்கலை வழிப்பயணத்திற்கு மட்டுமன்றி, வாழ்நாள் நெறியாகவும் அவர் கைக்கொண்டார்.

அவர் பழம்புலவர் நூல்களில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். உரோம நாட்டு அறிஞர் செனக்காவின் நூலைப் படித்துவிட்டு வெளியே புறப்பட்ட ஒருநாளே அவருக்கு இறுதி நாளாயிற்று என்பர். மொழியாசிரியனாகிய என் நெஞ்சைத் தொட்ட செய்தி இது. 1930ஆம் ஆண்டு, எழுபத்தாறு வயதில், நகரத் தெருவில் வண்டியைக் கையால் உருட்டிச் சென்றவர், எதிர்வந்த மோட்டார் வண்டிக்கு ஒதுங்குகையில் டிராம் வண்டியால் மோதுண்டு உயிர் நீத்தார். பனியிலும் இருளிலும் எத்தனையோ மலைகளை ஏறி இறங்கியவருக்குச் சொந்த ஊர்த் தெருவிலேயே முடிவு நேர்ந்தது.

நாடு சுற்றும் பெரும்பந்தயத்தில் பல்மாற்றும் பொறிக்கு இசைவு கிடைத்தது 1937இல்தான். அதனைக் காண வெலோசியோ உயிரோடில்லை. அன்பர்கள் 1922 முதல் அவர் பெயரால் ஆண்டுதோறும் நடத்திய மலையேற்ற விழா, அவர் மறைவிற்குப் பின்னும் பல்லாண்டு தொடர்ந்தது. இளைஞரும் முதியவரும் பெண்டிரும் அதே சாலையில் தத்தம் வலிமைக்கேற்பப் பற்சக்கரத்தை மாற்றிக்கொண்டு, இறங்கித் தள்ளாமல், பெருங்காட்டுக் கணவாயிலுள்ள அவருடைய நினைவுக்கல்லை வந்தடைந்தனர்.