மெக்கின்டாஷ்: நனையாத, ஆனால் போடவும் முடியாத முதல் ரெயின்கோட்டின் கதை

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பொதட்டூர்பேட்டையில் இரண்டு விஷயம் நடக்கும். கஞ்சி போட்ட பாவு காயவில்லையே என்று தறிக்காரர்களுக்குக் கவலை பிடிக்கும். பைக்கில் திருத்தணிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் சீட்டுக்கு அடியிலிருந்து ரெயின்கோட்டை எடுத்து உதறுவார்கள். அந்தக் கோட் இப்போ ஒரு ஸ்டைல் ஐட்டமும்கூட. மங்கிய கறுப்பு, முதுகில் பளிச்சென்று ஒரு கோடு, தொட்டால் வழுக்கும் துணி, மேலே விழுந்த துளி உருண்டு ஓடுகிற அழகு! கடையில் நாம் தடவிப் பார்த்துத்தானே வாங்குறோம்?

200 வருஷத்துக்கு முன்னால் முதல் ரெயின்கோட் கோட்டை விட்டது சரியாக அந்தத் தடவிப் பார்க்கிற இடத்தில்தான். தண்ணீரைத் தடுத்தது, ஆனால் மனுஷன் உடுத்த முடியவில்லை. அதை உருவாக்கியவர் சார்லஸ் மெக்கின்டாஷ். பிரிட்டனில் மழைக்கோட்டுக்கே இன்னமும் அவர் பெயர்தான்.

சாயக்காரர் மகன்

1766 டிசம்பர் 29-ம் தேதி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார் மெக்கின்டாஷ். அப்பா ஜார்ஜ் சாயத் தொழிற்சாலை முதலாளி. பாறையில் படரும் ஒருவகைப் பாசியிலிருந்து ஊதாச் சாயம் எடுப்பது அவர் தொழில். அதற்கு அம்மோனியா வேண்டும். அந்தக் காலத்தில் அம்மோனியாவுக்கு வழி? மனித மூத்திரம்தான். ஊரெல்லாம் வீடு வீடாக வாங்கிச் சேர்ப்பார்கள்.

மகனை ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார வைத்தார்கள். மனசு ஒட்டவில்லை. 20 வயது ஆகும் முன்பே வேலையை விட்டுவிட்டு ரசாயனத் தொழிலில் இறங்கினார். 1797-ல் படிகாரம் தயாரிக்கும் ஆலை தொடங்கினார். துணி வெளுக்கும் பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவந்த சார்லஸ் டெனன்ட்டுடன் கூட்டாளியானார். ரெயின்கோட் பக்கம் வரும்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

குப்பையிலிருந்து வந்த யோசனை

கிளாஸ்கோவில் அப்போது நிலக்கரி வாயுவில் தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. வாயு எடுத்த பிறகு மிஞ்சுவது தாரும், நாற்றமடிக்கும் கழிவு நீரும். 1819 வாக்கில் அந்தக் கழிவை மெக்கின்டாஷ் விலைக்கு வாங்கினார். அவர் கண் அதிலிருந்த அம்மோனியா மேல். மூத்திரம் சேகரிக்கும் பாடு மிச்சம் பாருங்க! அம்மோனியா கிடைத்தது. கூடவே தாரிலிருந்து நாப்தா என்ற எண்ணெயும் கிடைத்தது. அதை என்ன செய்வது?

ரப்பர் பாலைத் துணியில் பூசி மழையைத் தடுக்கிற வித்தை தென் அமெரிக்கப் பழங்குடிகளுக்கு ரொம்ப காலமாகத் தெரியும். ஆனால் பால் கப்பலேறி ஐரோப்பா போய்ச் சேர்வதற்குள் கெட்டியாகிவிடும். கெட்டி ரப்பரைத் திரும்பக் கரைக்க மலிவான ஒரு திரவம் தேவைப்பட்டது. நாப்தா அந்த வேலையைச் செய்தது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் மெக்கின்டாஷ் இல்லை. ஜேம்ஸ் சைம் என்ற எடின்பரோ மருத்துவ மாணவர் 1818-லேயே கண்டுபிடித்துவிட்டார். காப்புரிமை வாங்காமல் படிப்பைப் பார்க்கப் போய்விட்டார். பின்னாளில் பேர்பெற்ற அறுவை மருத்துவர் ஆனார். கிருமி நீக்கிய அறுவை சிகிச்சையைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டருக்கு மாமனாரும் அவர்தான்.

மெக்கின்டாஷின் சொந்தப் புத்தி வேறு இடத்தில் இருக்கிறது. ரப்பர் பூசிய துணி பிசுபிசுவென்று ஒட்டும். அதனால் பூசிய பக்கத்தின் மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்தினார். இரண்டு துணி, நடுவில் ரப்பர். வெளியே தொட்டாலும் உள்ளே தொட்டாலும் கைக்குப் படுவது துணிதான். பாவுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய தறிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். 1823-ல் காப்புரிமை கிடைத்தது. அதே வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியும் அவரை உறுப்பினராக்கியது. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் பருத்தி ஆலைக்காரர்களான பிர்லி குடும்பத்தோடு சேர்ந்து தொழிற்சாலை.

போட்டவர்கள் பட்ட பாடு

குளிரில் கோட் தகரம் மாதிரி விறைத்தது. வெயிலில் ரப்பர் இளகி ஒட்டியது. நாப்தா நாற்றம் போகவே இல்லை. கம்பளித் துணியில் இருக்கும் எண்ணெய் ரப்பரையே அரித்தது. வேர்வைக்கு வெளியேற வழியில்லை. இத்தனைக்கும் மேலே தையல்காரர்கள்! ஊசி குத்திய ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் மழை உள்ளே வந்தது. பழி மட்டும் துணி மேல். கடைசியில் கம்பெனியே கோட் தைக்க ஆரம்பித்தது. போதாததற்கு ரயில் வேறு வந்தது. திறந்த குதிரை வண்டியில் நனைந்துகொண்டு போனவர்கள் கூரை போட்ட பெட்டிக்கு மாறினார்கள், கோட்டுக்கான தேவையும் குறைந்தது.

காப்புரிமையைப் பிறர் மீறியபோது 1836-ல் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆனால் வெயிலை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது குளிரில் விறைக்காது, வெயிலில் இளகாது. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் இதைக் கண்டார். பிரிட்டனில் மெக்கின்டாஷின் கூட்டாளி தாமஸ் ஹான்காக் 1843 நவம்பரில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். குட்இயர் அனுப்பிய மாதிரியைப் பார்த்துத்தான் செய்தார் என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. மெக்கின்டாஷ் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 25-ம் தேதியே, 76 வயதில், இறந்துவிட்டார். வெறும் நாலு மாசம்.

பிறகு?

இந்தியாவில் 1920-ல் கல்கத்தாவில் சுரேந்திர மோகன் போஸ் தொடங்கிய நிறுவனத்தின் டக்பேக் கோட்டுகள் பல தலைமுறைக்குப் பழக்கம். அந்த ரப்பர் வாசனை இன்னும் சிலருக்கு ஞாபகம் இருக்கும். வேர்வைப் பிரச்சினைக்கு நல்ல பதில் வரத்தான் ரொம்ப நாள் ஆனது. 1969-ல் அமெரிக்காவின் பாப் கோர், டெஃப்லானைச் சட்டென்று இழுத்தால் நுண்துளைகள் நிறைந்த படலமாக விரியும் என்று கண்டார். மழைத்துளி அதில் நுழையாது, வேர்வை ஆவி மட்டும் வெளியேறும். அதுதான் கோர்-டெக்ஸ். அதிலும் படலம் துணியோடு ஒட்டித்தான் இருக்கிறது, மெக்கின்டாஷ் வழிதான்.

நம்ம ஊரில் விற்கும் பெரும்பாலான பைக் கோட்டுகள் பிவிசி, அல்லது உள்பக்கம் பூச்சு கொடுத்த நைலான், பாலியஸ்டர். வாங்கும்போது வழுவழுப்பைத் தடவிப் பார்த்த பிறகு, கோட்டை உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்க. தையல் மேல் பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மான்செஸ்டர் தையல்காரர்கள் போட்ட அதே ஓட்டைதான், தோளில் தண்ணீர் இறங்கும்.