வானொளியைக் கணக்கிட்ட தமிழர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அங்கு இரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றி வந்தார். தொடக்கக் கல்வியை வீட்டிலேயே பெற்ற சந்திரசேகருக்குத் தமிழ் கற்பித்தவர் அன்னை சீதாலட்சுமி. பின்னர்க் குடும்பம் சென்னையில் குடியேறியது.

மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகருக்குக் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்யும் வாய்ப்புக் கிட்டியது. அப்பொழுது அன்னை கடும் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார், அன்னையோ அவரைச் செல்லுமாறு வற்புறுத்தினார். 1930இல் கப்பலேறிய மகன் அன்னையை மீண்டும் காணவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கதிரவன் ஒளியைக் காற்றின் மூலக்கூறுகள் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளி மீண்டும் மீண்டும் சிதறுகிறது. எத்திசையில் எவ்வளவு ஒளி செல்லும் எனக் கணக்கிடுதல் அரிதாக இருந்தது. அவர் எண்ணற்ற திசைகளுக்கு மாற்றாகச் சில திசைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு சமன்பாடு அமைத்து விடை கண்டார். அம்முறையை விளக்கும் ‘கதிர்வீச்சுப் பரிமாற்றம்’ என்னும் அவரது ஆங்கில நூல் 1950இல் வெளிவந்தது.

விண்மீன் ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர், 1995இல் மறைந்தார். வளிமண்டலத்தில் ஒளியும் வெப்பமும் பரவுவதைக் கணக்கிடும் கணிப்பொறி நிரல்கள் பல, அவர் வளர்த்த முறையை இன்றும் கையாளுகின்றன. நோயுற்ற நிலையிலும் ஓர் அன்னை கொடுத்த விடையின் பயனை உலகம் பெற்றது.