ஆறு பென்னிப் புத்தகம்

சென்னைக்குப் போனால் பெசன்ட் நகர் கடற்கரையை எட்டிப் பார்க்காமல் திரும்புகிற மாணவன் உண்டா? சுண்டல் வாங்குகிறோம், அலையில் கால் நனைக்கிறோம், பஸ் பிடித்து வந்துவிடுகிறோம். அந்தப் பெசன்ட் யாருப்பா என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு வரி ஞாபகத்துக்கு வரும். ஹோம் ரூல் இயக்கம் நடத்தியவர், காங்கிரசின் முதல் பெண் தலைவர். அவ்வளவுதான். அதே அன்னி பெசன்ட் அம்மையார், நம் நாட்டுக்கு வருவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பு, லண்டனில் ஆபாசப் புத்தகம் வெளியிட்டார் என்ற குற்றச்சாட்டில் நீதிமன்றத்தில் நின்றவர் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகணும் நண்பர்களே. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

1847 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் பிறந்தார் அன்னி. ஐந்து வயதிலேயே அப்பாவை இழந்தவர். இருபது வயதில் பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். டிக்பி என்று ஒரு மகன், மேபெல் என்று ஒரு மகள். மத நம்பிக்கையில் சந்தேகம் வந்தது. நம்பாததை நம்புகிற மாதிரி நடிக்க அவருக்குத் தெரியவில்லை. 1873-ல் கணவரைப் பிரிந்தார். மகன் தந்தையிடம், மகள் தாயிடம் என்று ஏற்பாடு ஆயிற்று. சின்னக் குழந்தையோடு தனியாக வந்த அன்னி, அடுத்த ஆண்டே சார்லஸ் பிராட்லா என்ற பகுத்தறிவுப் பிரசாரகரின் இயக்கத்தில் சேர்ந்து, எழுத்தாலும் மேடைப் பேச்சாலும் பெயர் வாங்கினார்.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருவோம். சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க டாக்டர் 1832-ல் எழுதிய சிறு நூல் அது. கணவன் மனைவி பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவது எப்படி என்பதை டாக்டர் பாஷையில் சொல்வது. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சு அக்கா சொல்லிக் கொடுப்பாரே, அதே சமாசாரம். ஆனால் இதற்காக அமெரிக்காவில் அந்த டாக்டரே ஜெயிலுக்குப் போனார். இங்கிலாந்திலோ சுமார் நாற்பது ஆண்டுகள் அது சத்தமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. பிறகு பிரிஸ்டல் நகரத்துப் புத்தகக் கடைக்காரர் ஒருவர், அதில் ஆபாசப் படங்களைச் சொருகி விற்று மாட்டிக்கொண்டார். அதிலிருந்து புத்தகத்தின் மீதே வழக்கு பாய்ந்தது. லண்டன் பதிப்பாளர் பயந்துபோய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

அன்னிக்கும் பிராட்லாவுக்கும் அது பொறுக்கவில்லை. இருவரும் சேர்ந்து சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கி, அதே நூலைத் திரும்பவும் அச்சிட்டார்கள். விலை ஆறு பென்னி, அதாவது அரை ஷில்லிங். ஒளித்து விற்றார்களா? அதுதான் இல்லை. இன்ன நாள், இன்ன இடம், நாங்களே நின்று விற்கப்போகிறோம் என்று போலீசுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்தார்கள். 1877 மார்ச் 24-ம் தேதி லண்டன் ஸ்டோன்கட்டர் தெருக் கடையில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. முதல் இருபது நிமிஷத்திலேயே ஐந்நூறு பிரதிகளுக்கு மேல் போய்விட்டதாம். ஏப்ரலில் இருவரும் கைதானார்கள்.

ஜூன் மாதம் விசாரணை. நீதிபதி இங்கிலாந்தின் தலைமை நீதிபதி காக்பர்ன். ஆபாசம் என்றால் என்ன என்பதற்கு 1868-ல் ஹிக்ளின் வழக்கில் அளவுகோல் வகுத்துக் கொடுத்தவரே அவர்தான். கெட்டுப்போகக்கூடிய மனம் உள்ளவர் கையில் ஒரு நூல் சிக்கினால் அவரைக் கெடுக்குமா என்று பார்க்க வேண்டும் என்பது அந்த அளவுகோல். வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தனக்காகத் தானே வாதாடினார் அன்னி. பெண்கள் வக்கீலாக முடியாத காலம் அது. நிறைந்த கோர்ட்டில் ஆண்களுக்கு நடுவே நின்று, கருத்தடை பற்றி ஒரு முப்பது வயதுகூட நிரம்பாத பெண் மணிக்கணக்கில் பேசினார். ஏழை வீட்டில் வருஷத்துக்கு ஒரு குழந்தை பிறந்து பாதி செத்துப்போகிற கொடுமையைச் சொன்னார். மருத்துவ நூல்களில் இருக்கிற சங்கதிதானே இது என்று எடுத்துக் காட்டினார்.

அரசுத் தரப்பு எதைப் பிடித்துக்கொண்டது தெரியுமா? விலையை! ஆறு பென்னிக்கு யார் வேண்டுமானாலும் வாங்கலாமே என்பதுதான் அவர்கள் கவலை. இதே விஷயம் கனமான அட்டை போட்ட மருத்துவ நூலில், பணக்காரர் வீட்டு அலமாரியில் இருந்தால் அது அறிவு. மில் தொழிலாளியின் சட்டைப் பையில் இருந்தால் ஆபாசம். எவன் கைக்கும் போய்ச் சேரும் என்பதே குற்றமாகிவிட்டது.

ஜூரிகள் சொன்ன தீர்ப்பும் வேடிக்கையானது. புத்தகம் ஒழுக்கத்தைக் கெடுக்கும், ஆனால் வெளியிட்டவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றார்கள். ஆறு மாத ஜெயில், 200 பவுண்டு அபராதம். மேல்முறையீட்டில், எந்தச் சொற்கள் ஆபாசம் என்று குற்றப்பத்திரிகையில் எழுதவில்லை என்ற சட்டக் குறையால் 1878 பிப்ரவரியில் தண்டனை ரத்தானது. தடுக்க நினைத்ததால் நடந்தது என்ன? முன்பு ஆண்டுக்குச் சில நூறு பிரதிகளே விற்ற நூல், மூன்று மாதத்தில் ஒன்றேகால் லட்சம் விற்றுத் தீர்ந்தது!

ஜெயித்தாச்சு என்று கைதட்டிவிடாதீர்கள். நிஜமான தண்டனை அப்புறம்தான் வந்தது. 1878-ல் பிராங்க் பெசன்ட் மகளைக் கேட்டு வழக்குப் போட்டார். கடவுளை நம்பாதவள், ஆபாச நூல் வெளியிட்டவள், பெண் குழந்தையை வளர்க்கத் தகுதி இல்லாதவள் என்றது கோர்ட்டு. எட்டு வயது நிறையாத மேபெல் தாயிடமிருந்து பறிக்கப்பட்டாள். அந்த அம்மையார் எத்தனை மேடை ஏறினாலும் இந்தக் காயம் ஆறவில்லை. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து, விவரம் தெரிந்த பிறகு தாங்களாகவே அம்மாவைத் தேடி வந்தார்கள் என்பது ஒன்றே ஆறுதல்.

கருத்தடை பற்றி அவரே எழுதிய இன்னொரு நூலும் லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் தியாசபியில் சேர்ந்த பிறகு அவருடைய கருத்து மாறியது. 1891-ல் அந்நூலை அவரே விற்பனையிலிருந்து நிறுத்திக்கொண்டார். அரசாங்கம் ஜெயிலைக் காட்டியும் நிறுத்தாதவர், மனசாட்சி சொன்னபோது நிறுத்தினார். நிறுத்தியது சரியா தப்பா என்று வாதாடலாம். யார் நிறுத்தினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1893-ல் இந்தியா வந்தார். 1914-ல் சென்னையில் நியூ இந்தியா நாளிதழைத் தொடங்கினார். இங்கேயும் அதே கதை, காரணம் மட்டும் வேறு. அங்கே ஆபாசம், இங்கே ராஜத்துரோகம். 1910-ம் ஆண்டு பத்திரிகைச் சட்டப்படி 1916-ல் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள், கட்டினார். அதைப் பறிமுதல் செய்து 10,000 கேட்டார்கள், அதையும் கட்டினார். 1917 ஜூனில் ஊட்டியில் காவலில் வைத்தார்கள். நாடு முழுக்கக் கிளம்பிய எதிர்ப்பால் செப்டம்பரில் விட்டார்கள். டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கே தலைவரானார். 1933 செப்டம்பர் 20-ல் அடையாறில் கண்மூடினார்.

எந்தச் சங்கதிக்காக ஒரு தாயிடமிருந்து மகளைப் பிரித்தார்களோ, அதையே 1952 முதல் இந்திய அரசு தன் திட்டமாக நடத்தியது. சிவப்பு முக்கோணம் போட்டு ஊர்ச் சுவரெல்லாம் எழுதியது. காக்பர்னின் அளவுகோலோ கப்பலேறி வந்து, சுதந்திர இந்தியாவிலும் நிலைத்தது. 1965-ல் நம் உச்ச நீதிமன்றமும் அதையே பின்பற்றியது. 2014-ல்தான் அதைக் கைவிட்டது.

அதற்காக, எல்லாவற்றையும் அவிழ்த்துவிடு என்று நான் சொல்லவில்லை. பிரிஸ்டல் கடைக்காரர் சொருகிய படத்துக்கும் டாக்டர் எழுதிய பாடத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு பெண்ணின் படத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, ஹாஸ்டலில் செல்போன் விட்டு செல்போன் அனுப்புகிறானே, அவன் செய்வது நிஜமான கேடு. அங்கே பாதிக்கப்பட்டவள் இருக்கிறாள், அழுகிறாள். அதைச் சட்டம் தடுக்கத்தான் வேண்டும். நாமும் தடுக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைத் தடை செய் என்று யாராவது குரல் கொடுத்தால், உடனே சேர்ந்து கத்தாமல் கொஞ்சம் யோசிப்போம் தோழர்களே. இதனால் கெடுவது யார்? ஒரு மனுஷியா, இல்லை ஏழைக்கு விவரம் தெரிந்துவிடக் கூடாது என்கிற சிலருடைய நிம்மதியா? அடுத்த தடவை பெசன்ட் நகர் போகும்போது, ஆறு பென்னிப் புத்தகத்துக்காக மகளை இழந்த அந்தத் தாயை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.