கற்கக் கற்க மாறிய மனம்

நுழையும்முன்

பிறமொழி ஒன்றைக் கற்பவர் அம்மொழி பேசும் மக்களின் சிந்தனையையும் சேர்த்தே கற்கிறார். அவ்வாறு கற்கும்போது தாம் முன்பு கொண்டிருந்த கருத்து பிழையெனத் தோன்றினால், அதனை வெளிப்படையாகத் திருத்திக்கொள்ளும் நேர்மை அறிஞருக்கு வேண்டும். சீனமொழியைக் கற்பதிலும் கற்பிப்பதிலும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உழைத்த ஜேம்ஸ் லெக்கின் வாழ்க்கை, அந்நேர்மைக்குச் சான்றாகத் திகழ்கிறது.

இளமையும் கல்வியும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே உள்ள ஹன்ட்லி என்னும் சிற்றூரில் 1815 ஆம் ஆண்டு டிசம்பர் 20 ஆம் நாள் ஜேம்ஸ் லெக் பிறந்தார். தந்தையார் துணி வணிகர். அபர்தீன் நகரின் கிங்ஸ் கல்லூரியில் பயின்ற லெக், இலத்தீன் மொழியில் சிறந்த புலமை பெற்றார். பின்னர்ச் சமயப்பணியை விரும்பி இலண்டன் மிஷனரி சங்கத்தில் இணைந்தார்.

அக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கிரேக்கமும் இலத்தீனுமே உயர்கல்வியின் அடித்தளமாகக் கருதப்பட்டன. கிழக்காசிய மொழிகளுக்கு அங்கு மிகச் சிறிய இடமே இருந்தது. பாரிசு நகரில் 1814 ஆம் ஆண்டு சீனமொழிக்கெனப் பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1837 இல் சீனமொழிப் பேராசிரியரான சாமுவேல் கிட் என்பவரிடம், லெக் அம்மொழியின் தொடக்கப் பாடங்களைக் கற்றார்.

1839 இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய லெக், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மலாக்காவை அடைந்தார். அங்கு இராபர்ட் மோரிசன் நிறுவியிருந்த ஆங்கிலோ சீனக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1843 இல் அக்கல்லூரியின் பணி ஹாங்காங்கிற்கு மாறியபோது அவரும் அங்குக் குடியேறினார்.

விடியலுக்கு முந்தைய உழைப்பு

சீனாவில் அரசுப் பணிக்கான தேர்வுகள் கன்பூசிய நூல்களை அடிப்படையாகக் கொண்டு நடைபெற்றன. கற்றோர் அனைவரும் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்தனர். அவற்றை அறியாமல் சீன மக்களின் உள்ளத்தை அறிய இயலாது என்பதை லெக் உணர்ந்தார். எனவே, சீனச் செவ்வியல் நூல்களை முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்க்க உறுதிபூண்டார்.

பகற்பொழுது சமயப்பணிக்கும் பள்ளிப்பணிக்கும் உரியதாக இருந்தது. ஆகவே, அவர் விடியற்காலை மூன்று மணியளவில் எழுந்து நூல்களை ஆராய்ந்தார். ஹாங்காங்கில் வணிகம் செய்த ஜோசப் ஜார்டின் அச்சுச் செலவுக்குப் பொருளுதவி செய்தார். சீனச் செவ்வியல் நூல்வரிசையின் முதலிரு தொகுதிகள் 1861 இல் வெளிவந்தன. ஐந்தாம் தொகுதி 1872 இல் வெளிவந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே சீன மூலமும், நடுவே ஆங்கில மொழிபெயர்ப்பும், கீழே விரிவான விளக்கக் குறிப்புகளும் அமைந்தன. மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வாய்ப்பைப் படிப்பவருக்கு அது வழங்கியது.

துணைநின்ற அறிஞர்

இப்பெரும்பணி தனியொருவரால் நிறைவேறியதன்று. சீன அரசின் ஐயத்திற்கு ஆளாகி, 1862 இல் சாங்காயிலிருந்து தப்பி ஹாங்காங் வந்த வாங் தாவோ என்னும் அறிஞர் லெக்குடன் இணைந்தார். பல நூற்றாண்டுகளாகச் சீனப் புலவர்கள் எழுதிய உரைகளை அவர் தேடித் தொகுத்து விளக்கினார். லெக் 1867 இல் ஸ்காட்லாந்து திரும்பியபோது வாங் தாவோவையும் அங்கு வரவழைத்தார். டாலர் என்னும் ஊரில் தங்கி இருவரும் பணியைத் தொடர்ந்தனர். வாங் தாவோவின் உதவியை லெக் தம் நூலின் முன்னுரையில் நன்றியுடன் பதிவு செய்தார். வாங் தாவோ பின்னாளில் ஹாங்காங்கில் புகழ்பெற்ற இதழாசிரியராக விளங்கினார்.

ஆக்ஸ்போர்டு வகுப்பறை

1873 இல் சீனாவை விட்டு நீங்கும் முன், லெக் பீக்கிங் நகரின் விண்ணகக் கோயிலுக்குச் சென்றார். அங்குக் காலணிகளைக் களைந்து, தம் சமயத்தின் இறைப்புகழ்ப் பாடலைப் பாடி வணங்கினார். கன்பூசியசின் கல்லறையையும் சென்று கண்டார். சீனரின் பழைய நூல்கள் போற்றும் பரம்பொருளும் தாம் வணங்கும் கடவுளும் ஒன்றே என்பது அவர் துணிபு. சமயப்பணியாளர் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1877 இல் சாங்காயில் நடைபெற்ற அவர்களது மாநாட்டிற்கு அவர் அனுப்பிய கட்டுரை, மாநாட்டுப் பதிவில் சேர்க்கப்படாமல் விலக்கப்பட்டது. ஆயினும் அவர் தம் கருத்திலிருந்து பின்வாங்கவில்லை.

1876 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் முதல் சீனமொழிப் பேராசிரியராக லெக் பொறுப்பேற்றார். அவருடைய வகுப்புக்கு வந்த மாணவர் மிகச் சிலரே. தேர்வுக்கோ பதவிக்கோ பெரிதும் உதவாத மொழியெனப் பலர் சீனத்தைக் கருதினர். லெக் மாணவர் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் கற்பித்தார். வகுப்பறைக்கு வராதவர்க்கு நூல்களின் வழியே ஆசிரியரானார். மாக்ஸ் முல்லர் பதிப்பித்த கிழக்குலகப் புனித நூல்கள் என்னும் வரிசைக்கு ஆறு தொகுதிகளை அளித்தார். இந்தியாவிற்கும் இலங்கைக்கும் வந்த சீனப் பயணி பாகியானின் குறிப்புகளை 1886 இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதே ஆண்டில்தான் ஜி.யு. போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. போப் அப்போது ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்து வந்தார் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

திருத்திக்கொண்ட தீர்ப்பு

ஈ-சிங் என்னும் பழம்பெரும் நூலை லெக் 1855 அளவிலேயே மொழிபெயர்த்து முடித்திருந்தார். 1870 இல் அக்கையெழுத்துப்படி செங்கடல் நீரில் ஒரு மாதத்திற்கும் மேலாக ஊறிப்போயிற்று. அரிதின் முயன்று அதனைப் படிக்கும் நிலைக்கு மீட்டனர். ஆனால், பின்னர் அந்நூலின் அமைப்பை உண்மையாகப் புரிந்துகொண்டபோது, பழைய மொழிபெயர்ப்பு பயன்படாது என்று லெக் கண்டார். மீண்டும் முதலிலிருந்து தொடங்கி 1882 இல் புதிய மொழிபெயர்ப்பை வெளியிட்டார். கடலிலிருந்து மீட்ட உழைப்பைத் தாமே ஒதுக்கிவைக்கத் தனித் துணிவு வேண்டும்.

அதனினும் பெரிய துணிவு 1893 இல் வெளிப்பட்டது. 1861 இல் வெளிவந்த முதல் தொகுதியில், கன்பூசியசைப் பெரிய மனிதராகத் தம்மால் கருத இயலவில்லை என்று லெக் தீர்ப்புக் கூறியிருந்தார். அத்தொகுதியின் திருத்திய பதிப்பிலோ, ஆழ்ந்து கற்கக் கற்கக் கன்பூசியசின் மீது தமக்கு மதிப்புப் பெருகியதென்றும், அவர் மிகப் பெரிய மனிதரே என்றும் எழுதினார். உலகெங்கும் அறிஞர் கையில் இருந்த தம் நூலின் கருத்தை, எழுபத்தேழு வயதில் தாமே மாற்றி எழுதினார்.

1897 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் லெக் மறைந்தார். இறக்கும்வரை அவர் பேராசிரியராகவே பணியாற்றினார். அவருடைய மொழிபெயர்ப்புகளைச் சீன இலக்கியம் பயில்வோர் இன்றும் எடுத்து ஒப்புநோக்குகின்றனர். சீனர்க்குக் கற்பிக்கச் சென்ற அவர், சீனரிடமிருந்து கற்றுத் திரும்பினார். ஒரு பண்பாட்டின் நூல்களைப் பொறுமையுடன் பயின்ற பின்னரே அதனை மதிப்பிட வேண்டும். அம்மதிப்பீட்டையும் மேலும் கற்கும்தோறும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். பிறமொழி பயில விழையும் மாணவர்க்கு லெக்கின் வாழ்க்கை உணர்த்தும் நெறி இதுவே.